வண்டி வண்டியாக மக்கு உரம்: எதைச் சலிப்பது, எதை அப்படியே விடுவது

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: பெரிய தோட்டம், வருடத்துக்கு நாலைந்து கன மீட்டர் மக்கு உரம் தேறுகிறது, அதைக் கையால் ஆட்டும் சல்லடையில் போட்டுச் சலித்துச் சலித்தே சலித்துப்போய்விட்டது, மோட்டார் வைத்த உருளைச் சல்லடை வாங்கலாமா, இல்லை நாமே செய்துகொள்ளலாமா. ஆனால் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருந்தீர்கள். மூன்று மாதம் ஆன குவியலில் பாதி சல்லடை மேலேயே தங்கிவிடுகிறது, மீதி உருண்டை உருண்டையாகத் திரண்டு கம்பிக் கண்ணை அடைக்கிறது என்று. எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. அதைச் சரி செய்யாமல் மோட்டார் வைத்தால், கையால் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்வது மோட்டாரில் இரண்டு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நான் மண்ணியல் கொஞ்சம் முறையாகப் படித்தவன், அதன் பிறகு பதினெட்டு வருடமாக ஒரு பெரிய தோட்டத்தின் உரக்குவியல்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. என் கை பட்டதெல்லாம் இலை, புல், கிளை, காய்கறிக் கழிவு, சாணம், கோழி எரு. டன் கணக்கில் ஊர்க் குப்பையை மக்க வைப்பது தனித் தொழில், அதற்கு என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குவியலை நேரில் பார்க்காமல்தான் எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊகமாகச் சொல்கிற இடத்தில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இத்தனையையும் ஏன் சலிக்கிறீர்கள்? விதைத் தட்டுக்கும் நாற்றுக்கும் சலித்த உரம் வேண்டும், சந்தேகமில்லை. சின்னத் தொட்டிக்கும் புல்தரை மேல் தூவுவதற்கும் வேண்டும். காய்கறிப் பாத்திக்குப் பெரிய குச்சிகளைக் கையால் பொறுக்கி எறிந்துவிட்டு அப்படியே போடலாம். மரத்தடிக்கும் செடிப் புதர்களுக்கும் மூடாக்காகப் போடுவதற்குச் சலிக்கவே கூடாது என்பேன், கரடுமுரடாக இருந்தால்தான் அது காற்றில் பறக்காமல், மழையில் அடித்துச் செல்லாமல் நிற்கும். மக்காத மரத்துண்டு மண்ணில் இருந்தால் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். மண்ணுக்குள் கொத்திக் கலந்தால் அது உண்மை, நுண்ணுயிர்கள் மரத்தைத் தின்ன மண்ணின் நைட்ரஜனைக் கடன் வாங்கும், செடி கொஞ்ச நாள் வெளிறும். மேலே பரப்பி விட்டால் மண்ணும் துண்டும் தொட்டுக்கொள்கிற மெல்லிய அடுக்கோடு அந்தச் சங்கதி முடிந்துவிடும். ஆக நாலைந்து கன மீட்டரில் உங்களுக்கு உண்மையில் சலிக்க வேண்டியது ஒன்றோ ஒன்றரையோதான் இருக்கும். இது ஊகம், உங்களிடம் எத்தனை தொட்டி என்று எனக்குத் தெரியாது. ஆனால் முழுவதையும் சலிக்கிறவர்களில் பெரும்பாலோர் தேவைக்காகச் சலிப்பதில்லை, கடையில் வாங்கும் மூட்டை உரம் போலக் கறுப்பாக, ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற ஆசைக்காகச் சலிக்கிறார்கள். நானும் முதல் மூன்று வருடம் அந்தக் கட்சிதான்.

சரி, அந்த ஒன்றரை கன மீட்டருக்கு வருவோம். சல்லடையில் தங்குவது எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஒன்று, ஆரம்பத்திலேயே வெட்டாமல் போட்ட குச்சி. இரண்டு, நன்றாக மக்கியும் ஈரத்தால் திரண்டுபோன உருண்டை. மூன்று, பாதி மக்கி, இன்னும் இலை என்று அடையாளம் தெரிகிற சக்கை. அடுத்த முறை ஒரு கூடை கப்பியைத் தரையில் கொட்டிக் கிளறிப் பாருங்கள், சல்லடை மேலே தங்குவதை நாங்கள் கப்பி என்றுதான் சொல்வோம். குச்சி அதிகம் என்றால் தவறு குவியல் போட்ட நாளில் நடந்தது. உருண்டை அதிகம் என்றால் சலித்த நாளில் நடந்தது. சக்கை அதிகம் என்றால் இடைப்பட்ட மாதங்களில். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது, உருண்டைதான் முன்னால் நிற்கிறது.

குவியல் போடும் நாளிலிருந்து சொல்கிறேன். கணக்கு எளிது: போடுகிற பச்சைக் குப்பையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் கடைசியில் உரமாக மிஞ்சும், மீதி காற்றாகவும் நீராவியாகவும் போய்விடும். நாலு கன மீட்டர் உரம் வேண்டுமானால் எட்டிலிருந்து பன்னிரண்டு கன மீட்டர் குப்பை சேர்க்க வேண்டும். அதில் கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் விகிதம் 25-க்கு 1 முதல் 30-க்கு 1 வரை இருந்தால் நன்றாகச் சூடேறும் என்பது பல பத்தாண்டுகளாக உறுதிப்பட்ட விஷயம். காய்ந்த இலை ரகத்தைப் பொறுத்து 40 முதல் 80 வரை, புதிதாக வெட்டிய புல் 15 முதல் 20, கோழி எரு 10 அளவில், மரத்தூள் 300-க்கும் மேலே. இந்த எண்களை வைத்துக்கொண்டு யாரும் தோட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. காய்ந்தது இரண்டிலிருந்து மூன்று கூடை, பச்சை ஒரு கூடை, இந்த அளவில் கலந்துவிட்டு மூக்கைக் கேளுங்கள். கண் எரிகிற மாதிரி அமோனியா நாற்றம் வந்தால் பச்சை அதிகம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று இல்லை. ஒரு நாற்றமும் இல்லாமல், ஒரு சூடும் இல்லாமல் சும்மா கிடந்தால் காய்ந்தது அதிகம் அல்லது தண்ணீர் போதவில்லை. அமோனியா என்பது உங்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்து காற்றில் போவதுதான், அதனால் உடனே காய்ந்த இலையை அள்ளிப் போட்டுக் கலக்கிவிடுங்கள். சுண்ணாம்பு தூவச் சொல்லுவார்கள், செய்யாதீர்கள், காரத்தன்மை ஏறினால் அமோனியா இன்னும் வேகமாக வெளியேறும்.

துண்டின் அளவுக்கு வருகிறேன், சலிப்பதில் பாதி வேலை இங்கேதான் தீர்மானமாகிறது. நான் வைத்திருக்கும் விதி பென்சில். பென்சில் தடிமனுக்கு மேல் உள்ள எந்தக் கிளையும் குவியலுக்குள் போகாது, அது தனியாக வேறு மூலையில் இரண்டு மூன்று வருடம் கிடந்து மக்கட்டும், இல்லையென்றால் கிளை நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகட்டும். பென்சிலைவிட மெலிந்தது என்றாலும் விரல் நீளத்துக்கு மேல் விடாதீர்கள். நீளக் குச்சி ஒன்று சல்லடையில் குறுக்கே படுத்தால் போதும், அதன் பின்னால் கால் கூடை உரம் அணை கட்டி நின்றுவிடும். இலையைத் தரையில் பரப்பிப் புல் வெட்டும் இயந்திரத்தை இரண்டு ஓட்டு ஓட்டினால் அளவு பாதியாகக் குறையும், மக்கும் வேகமும் கூடும். அதற்காக எல்லாவற்றையும் தூளாக்கவும் வேண்டாம். தூள் படிந்து இறுகினால் உள்ளே காற்று போகாது. 2 முதல் 5 செ.மீ. துண்டுகள் என்றால் சரியாக இருக்கும்.

தண்ணீர் பற்றி எல்லாரும் ஒரே உவமை சொல்வார்கள், பிழிந்த துணி போல் ஈரம் என்று. எடைக் கணக்கில் 50 முதல் 60 சதவீதம். கையில் ஒரு பிடி எடுத்து முழு பலத்தோடு பிழியுங்கள், விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் போதும், ஒழுகினால் அதிகம். இதில் பலரும் தவறவிடுகிற ஒன்று உண்டு. காய்ந்த இலை தண்ணீரை உடனே குடிக்காது. குவியல் முழுவதையும் கட்டி முடித்துவிட்டு மேலே குழாயைப் பிடித்தால் தண்ணீர் வெளிப்பக்கமாகவே வழிந்து அடியில் தேங்கும், உள்ளே கையை விட்டுப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிய இலைத் தாள்கள், நடுவில் நேற்று உதிர்ந்தது போல மொறுமொறுவென்று இருக்கும். மூன்று மாதம் கழித்துக் குவியலை உடைக்கும்போது வெளிவருகிற அந்த இலைக் கட்டுகள்தான் உங்கள் சல்லடையில் சக்கையாகத் தங்குகின்றன என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கூடைக்கும் போடும்போதே தண்ணீர் தெளித்துக் கையால் புரட்டிவிட்டுப் போடுங்கள். ஒரு நாள் கூடுதல் வேலை, பின்னால் ஒரு மாதம் மிச்சம்.

குவியலின் அளவு ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் சூடு தங்காது, ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் போனால் தன் எடையால் அடிப்பகுதி நசுங்கிக் காற்று அடைபடும். உங்களுக்கு இருக்கும் குப்பைக்கு ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம் வைத்து நீளவாக்கில் நீட்டிக்கொண்டே போகலாம், பெட்டிகள் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. நன்றாகப் போட்ட குவியல் இரண்டு மூன்று நாளில் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு இரும்புக் கம்பியை நடுவரை செருகி ஐந்து நிமிடம் விட்டு உருவிப் பிடியுங்கள், பிடித்த கையை உடனே எடுக்கத் தோன்றினால் வேண்டிய சூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 70-ஐத் தாண்ட விடாதீர்கள், வேலை செய்கிற நுண்ணுயிர்களே செத்துப்போகும். உள்ளே சாம்பல் பூத்தது போல வெள்ளைப் பொடி அடுக்கு தெரிந்தால் நெருப்பு பிடித்துவிட்டது என்று பதற வேண்டாம், அது ஆக்டினோமைசீட் என்னும் நுண்ணுயிர்க் கூட்டம், ஆனால் அந்த இடம் காய்ந்து கிடக்கிறது என்பதற்கு அடையாளமும் கூட. உண்மையாகவே தீப்பிடிப்பதும் உண்டு. அது ஆள் உயரத்துக்கு மேல் குவித்து, உள்ளே பாதி காய்ந்து பாதி ஈரமாக மாதக்கணக்கில் கிளறாமல் விட்ட மலைகளில் நடக்கும்.

எத்தனை முறை புரட்டுவது, எத்தனை நாளில் ஆகும் என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் வகுத்த முறையில் சில தடவை புரட்டினால் சுமார் மூன்று மாதம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ராபர்ட் ராபே சொன்ன வேக முறையில் இரண்டு மூன்று வாரம். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் ராபே முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். எல்லாத் துண்டும் 1 முதல் 4 செ.மீ. அளவில் வெட்டியிருக்க வேண்டும், தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் புரட்ட வேண்டும், நடுவில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. பத்து கன மீட்டர் குவியலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கையால் புரட்ட உங்களுக்கு உடம்பில் தெம்பு இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், எனக்கு இல்லை. நான் முதல் மாதத்தில் வாரம் ஒரு முறை, அப்புறம் சூடு இறங்குவதைப் பார்த்து ஒன்றிரண்டு முறை, அவ்வளவோடு விட்டுவிடுகிறேன். நோய்க்கிருமியும் களை விதையும் சாக வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் கழிவுநீர்ச் சேற்றுக்கு வைத்த விதி, நீள்குவியலில் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்டல். வீட்டுத் தோட்டத்துக்கு அது சட்டமில்லை, ஆனால் காரணம் பொருந்தும். வெளிப்பக்கத்தில் இருப்பது எப்போதுமே சூடாகாது, அதை உள்ளே தள்ளினால்தான் அதற்கும் முறை வரும்.

மக்க வைக்கும் பொடி, திரவம் என்று விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலையிலும் மண்ணிலும் சாணத்திலும் இல்லாத நுண்ணுயிர் எதுவும் உங்கள் குவியலுக்குத் தேவைப்படாது. போட்டவர்கள் நல்ல பலன் என்கிறார்கள், பொடியோடு சேர்த்துத் தண்ணீரும் ஊற்றி, ஒரு முறை புரட்டியும் விட்டிருப்பார்கள், எது வேலை செய்தது என்று யார் கண்டது. நான் பழைய குவியலின் கப்பியை இரண்டு கூடை புதிதில் போடுகிறேன், எனக்கு அது போதுமாக இருக்கிறது.

அடுத்தது பொறுமை. மூன்று மாதத்தில் சூடு அடங்கியது என்பதும் உரம் முதிர்ந்தது என்பதும் வேறு வேறு. புரட்டிய பிறகும், ஈரம் சரியாக இருந்தும் சூடு ஏறவில்லை என்றால் வேகமான கட்டம் முடிந்தது. அதற்கு மேல் ஒரு மாதமாவது, முடிந்தால் இரண்டு மூன்று மாதம் சும்மா கிடக்க வேண்டும். பூஞ்சையும் மண்புழுவும் சின்னப் பூச்சிகளும் வந்து மெல்லிய குச்சிகளையும் இலை நரம்புகளையும் உதிர்ப்பது இந்தக் காலத்தில்தான். அவசரப்பட்டு மூன்றாம் மாதமே சலிக்கிறவர், குவியல் இலவசமாகச் செய்து தரவிருந்த வேலையைத் தன் தோளால் செய்கிறார். முதிர்ந்ததா என்று பார்க்க ஒரு பிடியை ஈரமாக்கி பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து முகருங்கள். மழை நனைத்த மண் வாசனை என்றால் ஆயிற்று, புளித்த நாற்றமோ அமோனியாவோ வந்தால் இன்னும் கிடக்கட்டும்.

இப்போது உருண்டைக்கு வருகிறேன், உங்கள் முக்கியமான தொல்லை இதுதான் என்று நான் நினைப்பதால் கொஞ்சம் விலாவாரியாகவே. குவியலில் மக்குவதற்கு வேண்டிய ஈரம் வேறு, சல்லடையில் விழுவதற்கு வேண்டிய ஈரம் வேறு. 55 சதவீதத்தில் உரம் தானாகவே ஒட்டும், ஆட்ட ஆட்ட உருளும், உருள உருளப் பெரிதாகும். மாவைத் தண்ணீர் தெளித்துச் சலித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் அதே உரம் பொலபொலவென்று விழும். கையால் கண்டுபிடிக்கலாம். ஒரு பிடி எடுத்து அழுத்தி உள்ளங்கையைத் திறங்கள். உருண்டை அப்படியே பளபளப்பாக நின்றால் இன்று சல்லடையைத் தொடவே வேண்டாம். நின்று, கட்டைவிரலால் மெல்லத் தட்டியதும் மூன்று நாலு துண்டாகப் பிளந்து உதிர்ந்தால், இன்றுதான் நாள். பிடிக்கவே நிற்காமல் விரலிடுக்கில் தூளாக ஒழுகினால் காய்ந்தது போதும் போதும் என்றாகிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அந்த நடு நிலைக்குக் கொண்டுவர, சலிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே குவியலைத் தார்ப்பாயால் மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். சலிப்பதற்கு முந்தின நாள் வேண்டியதை மட்டும் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, முள்வாரியால் இரண்டு தரம் கிளறிவிட்டால் மறுநாள் காலை தயாராக இருக்கும். நல்ல வெயிலில் மதியத்துக்குள்ளேயே ஆகிவிடும், அதற்கு மேல் விட்டால் மேல்தோல் கருகிக் கட்டி தட்டும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு என் சலிக்கும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. புதுச் சல்லடை எதுவும் வாங்கவில்லை.

சல்லடை என்று வந்தால் பொதுவான வேலைக்கு 12 மி.மீ. கண், விதைத் தட்டுக்கு 6 மி.மீ. கண். நேராக 6-இல் போடாதீர்கள், முதலில் 12-இல் சலித்து, விழுந்ததில் வேண்டிய அளவை மட்டும் 6-இல் மறுபடி போடுங்கள். பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள், பின்னிய கோழி வலை ஒரே மாதத்தில் தொய்ந்து கண் விரிந்துவிடும். கையால் ஆட்டுவதை விட்டுவிட்டுச் சாய்த்து நிறுத்தும் சல்லடைக்கு மாறுங்கள், கட்டட வேலையில் மணல் சலிப்பார்களே, அதே மாதிரி. ஒரு ஆள் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், பின்னால் இரண்டு கால். மண்வெட்டியால் அள்ளி மேல் பாதியில் வீசினால் நல்லது பின்னால் விழும், கப்பி முன்னால் உருண்டு வரும், இடுப்பை வளைத்து ஆட்டும் வேலை இல்லை. இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. வலையை 45 டிகிரி சாய்த்தால், மேலிருந்து விழுகிற துண்டுக்கு 12 மி.மீ. கண் சுமார் எட்டரை மி.மீ. அளவுதான் தெரியும். அதனால் சாய்ந்த சல்லடையில் சலித்தது கண் அளவைவிட மென்மையாகவே வரும். கப்பி அதிகம் சேர்ந்தால் கண்ணை மாற்ற வேண்டாம், சாய்வைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். மண்வெட்டியில் குறைவாக அள்ளி, விசிறினாற்போல வீசுவதில்தான் கை பழக வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் முழுவதும் அப்படியே முன்னால் சரிந்துவிடும். உரம் பதமாக இருக்கும் நாளில் நான் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு தள்ளுவண்டி சலிக்கிறேன், அவசரம் இல்லாமல்.

உருளைச் சல்லடை. நானும் ஒன்று செய்தேன், சைக்கிள் சக்கர வளையங்களை வரிசையாக வைத்து, சுற்றிலும் கம்பி வலை சுற்றி, வீட்டில் கிடந்த ஒரு மோட்டாரைப் பெல்ட் போட்டு இணைத்து. முதல் நாள் சுவிட்சைப் போட்டேன். உள்ளே போட்ட உரம் வலையின் உட்புறத்தில் அப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது, ஒரு பிடி கூடக் கீழே விழவில்லை, துணி துவைக்கும் இயந்திரம் துணியை உலர்த்தும்போது சுற்றுமே, அதே காட்சி. கூட நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. காரணம் வேகம். உருளையின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுத்தால் வருவது எல்லை வேகம், அந்த வேகத்தில் பொருள் சுவரோடு ஒட்டிச் சுற்றத் தொடங்கும். 60 செ.மீ. விட்டத்துக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 55 சுற்று. அதில் பாதிக்கும் கீழே, 20 முதல் 25 சுற்று வைத்தால் உரம் பக்கவாட்டில் ஏறி, முக்கால் உயரத்தில் சரிந்து விழுந்து புரளும், அந்தப் புரளல்தான் சலிப்பது. சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று ஓடும், அதைப் பெல்ட்டால் மட்டும் இந்த அளவுக்கு இறக்குவது பெரும்பாடு, கியர் வைத்த மோட்டார்தான் வழி. உருளை ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர் நீளம், சாய்வு ஐந்து டிகிரிக்குப் பக்கம். சாய்வு கூடினால் நல்ல உரமும் கப்பியோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். சுற்றுகிற பெல்ட்டுக்கும் பற்சக்கரத்துக்கும் மூடி போடாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

வாங்கலாமா, செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வருடத்துக்கு ஒன்றரை கன மீட்டர் சலிக்க இரண்டுமே வேண்டாம். சாய்த்த சல்லடையில் இரண்டு மூன்று காலை வேலை அது. முதுகுவலி இருக்கிறது, அல்லது உண்மையாகவே ஐந்து கன மீட்டரும் தொட்டிக்குத்தான் போகிறது என்றால் உருளை செய்வது நியாயம். ஒரு கன மீட்டர் உரம் ஈரத்தோடு ஐந்நூறிலிருந்து எழுநூறு கிலோ கனக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். உருளை சலிக்கும், அள்ளிப் போடுவது எப்படியும் நீங்கள்தான்.

கப்பியை என்ன செய்வது? குச்சியும் சக்கையும் அப்படியே அடுத்த குவியலுக்கு. அது நுண்ணுயிர்களை எடுத்துப் போகும், உள்ளே காற்று புகுவதற்கு இடைவெளியும் தரும், புல் அதிகமாக இருக்கும் குவியலுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் சுற்றி வரும் பிளாஸ்டிக், பழத்தில் ஒட்டிய சீட்டு, நூல், கண்ணாடித் துண்டு இவற்றை மட்டும் இந்தக் கட்டத்தில் பொறுக்கி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதே துண்டை நாலு வருடம் பார்ப்பீர்கள். மண்புழு நிறைய இருந்தால் சலிக்கிற அன்று உரத்தைக் கூம்பாகக் குவித்து வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள், அடியில் இறங்கிவிடும், மேலிருந்து சுரண்டிக்கொண்டே வரலாம். கட்டைவிரல் தடிமனில் வெள்ளையாக, வளைந்து படுத்திருக்கும் புழுக்கள் வண்டுகளின் குஞ்சு. குவியலுக்குள் அவை மக்க வைக்கும் வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் தென்னை வைத்திருப்பவர்கள் விட்டு வைக்கக் கூடாது, காண்டாமிருக வண்டு வளர்வதும் இதே மாதிரிக் குவியலில்தான்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் நான் விளையாட்டாகப் பேச மாட்டேன். சூடான குவியலில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை செழித்து வளரும், அதன் வித்துகள் காய்ந்த உரத்தைச் சலிக்கும்போது புகையாகக் கிளம்பும். லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா மக்கு உரத்திலும் தொட்டி மண்ணிலும் இருக்கக்கூடியது, மூச்சில் போனால் நிமோனியா வரலாம். ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆஸ்துமா இருப்பவர், நுரையீரல் நோய் உள்ளவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் சலிக்கும் வேலையையே வேறு ஆளிடம் கொடுத்துவிடுவது நல்லது. மற்றவர்கள் நல்ல முகக்கவசம் போட்டு, காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நின்று, வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டு வேறு எதையும் தொடுங்கள்.

வெளியிலிருந்து வைக்கோலோ சாணமோ வாங்கிச் சேர்த்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. சேர்த்திருந்தால் பயன்படுத்தும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அமினோபைராலிட், குளோபைராலிட் என்று அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்துகள் உண்டு. அடித்த புல்லை மாடு தின்று, சாணமாகி, அது குவியலில் சூடேறி மக்கிய பிறகும் செடியைக் கெடுக்கும் அளவுக்கு மிஞ்சி நிற்கும். மூன்று தொட்டியில் உரம் கலந்த மண், மூன்றில் உரம் கலக்காத மண், ஆறிலும் பீன்ஸ் விதை. மூன்று வாரத்தில் உரத் தொட்டிகளில் மட்டும் இலை கிண்ணம் போல் சுருண்டு, தண்டு முறுக்கினால் அந்த உரத்தைக் காய்கறிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், புல்தரைக்கு மட்டும் போடலாம். சின்ன வயதில் ஒரு வருடத் தக்காளி முழுவதையும் இப்படித்தான் இழந்தேன், வண்டி வண்டியாகச் சாணம் கொடுத்தவருக்கே அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

இப்போது உங்களிடம் இருக்கும் இரண்டு குவியலுக்கு: மூன்று மாதமானதை இன்னும் சலிக்க வேண்டாம். ஒரு முறை முழுதாக உடைத்துப் புரட்டி, ஒட்டிப்போன இலைக் கட்டுகளைப் பிரித்து, காய்ந்த இடத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி குவியுங்கள். மூன்று நாளில் கம்பி சுட்டால் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம், சுடாவிட்டால் இரண்டு மாதம் கிடக்கட்டும். போன வருடத்துப் பழைய குவியல் ஒன்று இருப்பதாகச் சொன்னீர்களே, மரத்தடிக்கும் பாத்திக்கும் வேண்டியதை அதிலிருந்து அப்படியே எடுத்துப் பரப்புங்கள், இரண்டரை செ.மீ. கனத்துக்குப் போட்டால் ஒரு கன மீட்டர் நாற்பது சதுர மீட்டருக்கு வரும். மிஞ்சியதற்குத் தார்ப்பாயைப் போட்டு இரண்டு வாரம் கழித்து ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் அன்று காலையே சலிக்க ஆரம்பிக்கலாம். உதிராமல் பளபளத்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், குவியலுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.